உங்கள் டாரன்டுலா ஆணா, பெண்ணா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் டாரன்டுலா, அதாவது உடலெல்லாம் முடி நிறைந்த பெரிய சிலந்தி, வளர்க்கிறேன் என்று சொன்னால் வெளியாட்கள் முதலில் கேட்பது "கடிக்குமா?" என்றுதான். வளர்க்கிறவர்கள் கேட்பது வேறு: "இது ஆணா, பெண்ணா?" பதினோரு வருடமாக வளர்த்துவருகிறேன். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் படம் அனுப்பி இதையே கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் மெக்சிகோவின் செம்முழங்கால் டாரன்டுலாவை எடுத்துக்கொள்கிறேன். பலர் முதன்முதலில் வாங்குவது அதைத்தான், எனக்கு நன்றாகப் பழகியதும் அதுதான்.

ஆணா பெண்ணா என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

முதலில் ஆயுள். செம்முழங்கால் பெண்ணை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 25 வருடம், 30 வருடம்கூட இருக்கும். ஆணின் கணக்கு வேறு. சில வருடங்களில் பருவமடையும், அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒரு வருடம், மிஞ்சிப்போனால் இரண்டு. கல்லூரி நாளில் வாங்கிய பெண் சிலந்தி உங்கள் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் வீட்டில் இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டு வாங்குவதும் தெரியாமல் வாங்குவதும் ஒன்றா?

இந்தச் சிலந்திக் கூட்டத்துப் பெண்கள் எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த ஒரு சிலந்தியைச் சொல்வார்கள். அது டாரன்டுலா அல்ல, தூரத்து உறவு. மண்ணில் வளை தோண்டி அதற்கு மூடி போட்டு வாழும் வகை. பார்பரா யார்க் மெயின் என்ற ஆய்வாளர் 1974-இல் தொடங்கிய ஆய்வில் அதற்கு 16 என்று எண் கொடுத்துத் தொடர்ந்து கவனித்துவந்தார். அது இறந்துவிட்டது என்று 2016-இல் தெரியவந்தபோது வயது 43. நான்கு பத்தாண்டுகளாக ஒரே வளையில் இருந்த பெண்.

ஆயுளுக்கு அப்புறம் விலை, இனப்பெருக்கம், பராமரிப்பு எல்லாம் வரும். பருவமடைந்த ஆண் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு இரவெல்லாம் அலையும். ஆண் என்று தெரியாவிட்டால் ஏதோ நோய் என்று பதறுவீர்கள்.

பார்த்தவுடனே சொல்ல முடியாதா?

பருவமடைந்த ஆணை மட்டும் சொல்லலாம். மற்றபடி முடியாது. "உருண்டு திரண்டு இருக்கிறது, பெண்தான்", "கால் மெலிந்திருக்கிறது, ஆண்தான்" என்று சொல்வதை நம்பாதீர்கள். நேற்று நன்றாகச் சாப்பிட்ட ஆணின் வயிறும் உருண்டுதான் இருக்கும். ஒரே முட்டைப்பையில் பிறந்தவற்றிலேயே ஒன்று வேகமாக வளரும், ஒன்று மெதுவாக வளரும். சுபாவத்தை வைத்துச் சொல்வதும் அப்படித்தான். பெண் சாந்தம், ஆண் முரடு என்று எந்த விதியும் கிடையாது.

பருவமடைந்த ஆணை எப்படி அடையாளம் காண்பது?

முகத்தின் இரண்டு பக்கமும் குட்டிக் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகளைக் கவனியுங்கள். எண்ணத் தெரியாதவர்கள் சிலந்திக்குப் பத்துக் கால் என்று நினைப்பது இவற்றால்தான். பெடிபால்ப் என்று பெயர். பெண்ணிலும் வளராத ஆணிலும் இவற்றின் நுனி சாதாரணப் பாதம் போலவே மென்மையாக முடியும். பருவமடைந்த ஆணில் நுனி தடித்து, குத்துச்சண்டைக் கையுறை மாட்டியது போல மொத்தையாக இருக்கும். கண்ணாடிச் சுவரில் ஏறும்போது அடியிலிருந்து பார்த்தால் அந்த மொத்தைக்குள் மடக்கி வைத்த சிவப்பு கலந்த கறுப்புக் குமிழ் ஒன்று தெரியும். குமிழின் முனை கூராக வளைந்திருக்கும். விந்தை நிரப்பிக்கொண்டு பெண்ணிடம் கொண்டுசேர்க்கும் கருவி அது.

அடுத்தது முன்னங்கால்கள். முதல் ஜோடிக் காலில், முழங்காலுக்குக் கீழே உட்பக்கமாக ஒரு கொக்கி இருக்கும். புணர்ச்சியின்போது பெண்ணின் நச்சுப் பற்களை அந்தக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். கடிபடாமல் தப்பிக்க அதற்கு இருக்கும் ஏற்பாடு. ஆனால் கொக்கி இல்லை என்பதற்காகப் பெண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உலகிலேயே எடை மிகுந்த சிலந்தியான தென் அமெரிக்காவின் கோலியாத் டாரன்டுலாவில் பருவமடைந்த ஆணுக்கும் கொக்கி கிடையாது. பெடிபால்ப்தான் எந்த இனத்திலும் ஏமாற்றாத அடையாளம்.

இவையெல்லாம் ஒரே இரவில் வந்துவிடும். கடைசிச் சட்டையை, அதாவது பழைய மேல்தோலை, உரித்துக்கொண்டு வெளியே வரும்போதே கையுறையும் கொக்கியுமாக, நீண்ட காலும் சிறுத்த வயிறுமாக, வேறு ஒரு சிலந்தி போல நிற்கும்.

நிறத்தை வைத்துச் சொல்லலாமா?

சில இனங்களில், அதுவும் வளர்ந்த பிறகு, சொல்லலாம். தென்கிழக்கு ஆசியாவின் கோபால்ட் நீல டாரன்டுலாவில் பெண்ணின் கால்கள் நீலமாக மின்னும், பருவமடைந்த ஆண் பழுப்பாகிவிடும். தென் அமெரிக்காவின் பாம்ஃபோபீட்டியஸ் வகைகளில் தலைகீழ்: ஆண்தான் ஊதா நிறத்தில் ஜொலிக்கும். செம்முழங்காலில் நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அப்படியென்றால் எதைத்தான் நம்புவது?

உரித்த சட்டையை. பாம்பு சட்டை உரிப்பது போல டாரன்டுலாவும் வளர வளரத் தன் மேல்தோலை முழுசாகக் கழற்றிப் போடும். வெளித்தோல் மட்டும் வருவதில்லை. நச்சுப் பல்லின் உறை, நுரையீரலின் உட்படலம், வயிற்றுக்குள் மடிந்திருக்கும் சில உறுப்புகளின் உட்படலம் எல்லாம் அதோடு சேர்ந்து வெளியே வரும். பெண்ணுக்கு வயிற்றுக்குள் விந்தைச் சேமித்து வைக்கும் ஒரு பை உண்டு. விந்துப்பை என்று வைத்துக்கொள்வோம், வளர்ப்பவர்கள் ஸ்பெர்மதீக்கா என்பார்கள். அந்தப் பையின் உட்படலமும் சட்டையோடு வந்துவிடும். ஆணுக்கு அந்தப் பை கிடையாது. சிலந்தியைத் தொடாமலே, அதன் உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கக் கிடைக்கும் சாட்சி இது.

ஆகவே ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சட்டையைக் குப்பையில் போடாதீர்கள். ஆரம்பத்தில் விவரம் தெரியாமல் மூன்று சட்டைகளை நான் எறிந்துவிட்டேன். அடுத்தது கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டை உரிக்கப் போகிறது என்று எப்படித் தெரியும்?

சாப்பாட்டைத் தொடாது. நிறம் மங்கும். வயிற்றின் மேல்பக்கம் முடி உதிர்ந்து வழுக்கையாக இருந்தால் அந்த இடம் முதலில் வெளிர் நிறமாக இருக்கும், உரிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கறுத்துக்கொண்டே வரும். கடைசியில் தரையில் நூலால் ஒரு பாய் நெய்து, அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொள்ளும்.

புதியவர்கள் பயந்துபோவது இங்கேதான். செத்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிப் போடுகிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள், குச்சியால் தட்டுகிறார்கள். தயவுசெய்து எதுவும் செய்யாதீர்கள். சாகும் டாரன்டுலா பெரும்பாலும் நிமிர்ந்த நிலையிலேயே கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு சாகும். மல்லாந்து கிடந்தால் சட்டை உரிக்கிறது என்று அர்த்தம். தோல் அப்போது வெண்ணெய் மாதிரி மென்மையாக இருக்கும். தொட்டால் கிழியும். உள்ளே விட்ட பூச்சி ஏதாவது திரிந்தால் அதை மட்டும் வெளியே எடுங்கள். பசித்த சுவர்க்கோழி ஒன்று போதும், உரித்துக் களைத்துக் கிடக்கும் சிலந்தியைக் கடித்துக் குதறிவிடும்.

சட்டையை எப்போது, எப்படி வெளியே எடுப்பது?

சிலந்தி நிமிர்ந்து எழுந்து, சட்டையை விட்டு விலகி உட்கார்ந்த பிறகு. அவசரமே இல்லை. நான் மறுநாள்வரை விட்டுவிடுவேன். நீளமான இடுக்கியால் முதுகு ஓட்டுப் பக்கமாகப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். சிலந்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அதன்மேல் ஒரு ஒளிபுகும் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு எடுக்கலாம்.

ரொம்ப நாளும் விட்டுவிடக் கூடாது. சில சிலந்திகள் சட்டையைக் கடித்துச் சுருட்டி உருண்டையாக்கிவிடும், சில தண்ணீர்க் கிண்ணத்தில் கொண்டுபோய்ப் போடும். தண்ணீரில் கிடந்தது கெட்டுப்போகாது, ஊறி மென்மையாகி உங்கள் வேலையைக் குறைக்கும். கடித்துச் சுருட்டியதுதான் சிக்கல். வயிற்றுப் பகுதி முழுசாக இருந்தால் மட்டுமே பலன்.

உரித்தவுடன் நச்சுப் பற்கள் வெள்ளையாக இருக்கும். பிறகு சிவந்து, கடைசியில் கறுக்கும். கறுக்கும்வரை தீனி போடாதீர்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

சட்டை காய்ந்து அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. என்ன செய்வது?

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, அதில் மூன்று நான்கு மணி நேரம் ஊறப்போடுங்கள். சோப்பு எதற்கென்றால், முடி நிறைந்த தோல் தண்ணீரில் ஒட்டாமல் மிதக்கும். சோப்பு விட்டால் நனையும். இரண்டு மூன்று வருடப் பழைய சட்டையைக்கூட இப்படி ஊறவைத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். காய்ந்ததை அப்படியே பிரிக்கப் போனால் நீங்கள் தேடும் இடம்தான் முதலில் கிழியும்.

ஊறிவிட்டது. இனி எங்கே பார்க்க வேண்டும்?

எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். நிதானமாகச் சொல்கிறேன்.

என் வீட்டுச் செம்முழங்காலின் பெயர் மருதாணி. அவள் போன முறை உரித்த சட்டை இப்போது என் முன்னால் ஒரு வெள்ளைத் தட்டில் இருக்கிறது. முன்பாதி, முழுச் சிலந்தியையே பார்ப்பது போல இருக்கிறது. முதுகு ஓடு டப்பா மூடி போலத் திறந்து நிற்கிறது. கால்களுக்குள் ஒன்றுமில்லை, ஆனால் முழங்காலின் ஆரஞ்சு நிறம் அப்படியே இருக்கிறது. பற்கள் பளபளவென்று கறுப்பு. பின்பாதியில் ஈரமான பழத்தோல் மாதிரிச் சுருங்கிக் கிடப்பதுதான் வயிற்றின் தோல். நமக்கு வேண்டியது அது.

நுனி மழுங்கிய இரண்டு இடுக்கிகள், அல்லது ஒரு இடுக்கியும் மெல்லிய ஓவியத் தூரிகையும் போதும். சுருங்கிய தோலை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரியுங்கள். தண்ணீருக்குள்ளேயே விரித்தால் தானாக மலரும். முடி இருக்கும் வெளிப்பக்கம் கீழே, வழவழப்பான உட்பக்கம் மேலே வரும்படி தட்டில் பரப்புங்கள். நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும், நகத்தை வெட்டிப் போட்டது போல. இரண்டு கால் பக்கமாக, இரண்டு பின்பக்கமாக இருக்கும். அவை புத்தக நுரையீரல்களின், அதாவது புத்தகத் தாள்கள் போல அடுக்கடுக்காக இருக்கும் மூச்சு உறுப்புகளின், உறைகள். நான்கும் கண்ணில் பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது கால் பக்கம் இருக்கும் இரண்டு திட்டுகளை மட்டும் பாருங்கள். அவற்றுக்கு நடுவே குறுக்காக ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டின் நடுவில்தான் தீர்ப்பு.

மருதாணியின் சட்டையில் அந்த இடத்தில் சட்டைப்பையின் மூடி மாதிரி ஒரு மடிப்பு எழுந்து நிற்கிறது. அகலம் ஒரு நெல்லின் நீளம்கூட இராது. அடியில் வெளிர் நிறம், மேலே போகப் போகத் தேன் நிறம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பழுப்புக் கண்ணாடி போலத் தெரிகிறது. குண்டூசியின் தலையால் தொட்டால் முன்னும் பின்னும் மடங்குகிறது. விந்துப்பை இதுதான். பெண்.

ஆணின் சட்டையில் அந்த இடத்தில் எழுந்து நிற்பது ஒன்றும் இருக்காது. ஆறிய தழும்பு போல ஒரு கோடு மட்டும் வழவழப்பாக ஓடும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். போன் கேமராவில் பெரிதாக்கியும் பார்க்கலாம், ஆனால் கைவிளக்கின் வெளிச்சத்தைத் தட்டின் அடியிலிருந்து கொடுங்கள். மேலிருந்து அடித்தால் ஈரத்தோல் பளபளத்து ஒன்றும் தெரியாது.

என் சிலந்தியின் சட்டையில் இரண்டு குட்டி முளைகள் மட்டும் தெரிகின்றன. அது விந்துப்பையா?

படம் அனுப்புகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். சில ஆண்களிலும் அதே இடத்தில் துணையுறுப்புகளின் படலம் சிறு முளைகளாகத் தெரியும். படத்தில் பார்த்தால் அச்சாக விந்துப்பை மாதிரியே இருக்கும். வித்தியாசம் என்னவென்றால், பெண்ணில் தோல் இரண்டு அடுக்காக மடிந்திருக்கும். ஈரமாக இருக்கும்போது ஊசி முனையை மடிப்புக்கு அடியில் மெதுவாகச் செலுத்திப் பாருங்கள். ஊசி உள்ளே நுழைந்து ஒரு பையைத் தூக்கினால் பெண். நுழைய இடமே இல்லாமல் தோலின்மேல் வழுக்கினால் ஆணாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சிலந்தி சிறியதாக இருந்து சந்தேகம் தீராவிட்டால் அடுத்த சட்டைவரை பொறுங்கள். பெண்ணாக இருந்தால் ஒவ்வொரு சட்டையிலும் அந்தப் பை பெரிதாகி, நிறம் அடர்ந்துகொண்டே வரும்.

எல்லா இனத்துக்கும் விந்துப்பை ஒரே மாதிரிதானா?

இல்லை. செம்முழங்காலில் ஒரே அகலத் தட்டு. சிலி நாட்டு ரோஜா டாரன்டுலாவில் தனித்தனியாக இரண்டு மடல்கள். எந்த இனம் என்பதை முடிவுசெய்ய ஆய்வாளர்களே இந்த வடிவத்தைப் பார்க்கிறார்கள். ஆகவே உங்களிடம் இருக்கும் இனத்தின் படத்தோடு ஒப்பிடுங்கள், வேறு இனத்தின் படத்தை வைத்துக்கொண்டு "என்னுடையதில் இரண்டு இல்லையே" என்று குழம்பாதீர்கள். பிரேசிலின் சிக்கியஸ் என்ற இனத்தில் பெண்ணுக்கு விந்துப்பையே கிடையாது. வீடுகளில் அதை வளர்ப்பவர்கள் அபூர்வம்.

எவ்வளவு சின்னதாக இருக்கும்போது தெரிந்துகொள்ளலாம்?

கால் விரிப்பு ஐந்து ஆறு சென்டிமீட்டர் வந்துவிட்டால் பூதக்கண்ணாடி போதும். அதற்குக் கீழே நுண்ணோக்கி வேண்டும், பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டும். மிளகு அளவுக் குஞ்சைக் காட்டி "இது கட்டாயம் பெண்" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

சட்டை கிடைக்கவில்லை. வயிற்றுப் பக்கத்தைப் படமெடுத்துப் பார்த்தால் தெரியுமா?

ஓரளவு தெரியும். சட்டை தரும் உறுதி கிடைக்காது.

சிலந்தியைப் பிடித்து மல்லாத்த வேண்டாம். கண்ணாடியில் அது தானாக ஏறி நிற்கும்போது வெளியிலிருந்து படமெடுங்கள். சட்டையில் பார்த்த அதே நான்கு வெளிர் திட்டுகள் உயிருள்ள வயிற்றிலும் தெரியும். கால் பக்கத்து இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைக் கவனியுங்கள். பெண்ணில் அந்தக் கோடு உதடு போலத் தடித்து, சற்றே புடைத்திருக்கும். ஆணில் கோட்டுக்குச் சரியாக மேலே, கால் பக்கமாக, அரைவட்டமாக ஒரு சின்னப் பொட்டு, சுற்றியுள்ள முடியைவிட நெருக்கமாக, வேறு நிறத்தில் தெரியும். அது அழகுக்கு வந்த பொட்டு அல்ல. பருவமடைந்த ஆண் விந்தை விடுவதற்கென்றே ஒரு தனி வலை பின்னும். பின்முனையில் வழக்கமாக நூல் விடும் உறுப்புகள் போதாமல், அந்த வலைக்கு நுண்ணிய நூல் விடும் துளைகள் இந்தப் பொட்டில் இருக்கின்றன. பொட்டு பளிச்சென்று தெரிந்தால் ஆண் என்று தைரியமாகச் சொல்வேன். பொட்டு தெரியவில்லை என்பதற்காகப் பெண் என்று சொல்ல மாட்டேன்.

பெண் என்று உறுதி சொல்லித்தான் விற்றார்கள். நம்பலாமா?

"சட்டையைப் பார்த்தீர்களா? படம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பார்த்தவர் உடனே காட்டுவார். பெண்ணுக்கு விலை கூடுதல் என்பதால் சிலர் துணிந்து பொய் சொல்கிறார்கள், பலர் உண்மையிலேயே தெரியாமல் சொல்கிறார்கள்.

எனக்கே நடந்தது. இன்னொரு செம்முழங்காலைப் பெண் என்று சொல்லி ஒருவர் விற்றார். பெண்ணுக்குரிய விலையைக் கொடுத்து வாங்கிவந்தேன். என் மகள் பொன்னி என்று பெயர் வைத்தாள். வீட்டுக்கு வந்த முதல் சட்டையை ஊறவைத்து விரித்துப் பார்த்தபோது அந்த இடத்தில் தழும்புக் கோடு மட்டும்தான் இருந்தது. தண்ணீரை மாற்றி, விளக்கை மாற்றி, நான்கு தடவை பார்த்தேன். கோடுதான். பெயரை மாற்ற வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள், பொன்னி பொன்னியாகவே இருந்தான்.

சட்டையைக் கையில் எடுப்பதால் ஆபத்து உண்டா?

உண்டு. செம்முழங்கால் உட்பட அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலாக்கள் பலவற்றின் வயிற்றில் அரிக்கும் முடிகள் இருக்கின்றன. உரித்த சட்டையிலும் அந்த முடி அப்படியே ஒட்டியிருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்த சட்டையை ஊதாதீர்கள், வேலை முடியும்வரை கண்ணைக் கசக்காதீர்கள். நனைந்த சட்டையில் முடி பறக்காது என்பது ஊறவைப்பதில் இருக்கும் இன்னொரு நன்மை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒருவர் தன் டாரன்டுலாவின் கண்ணாடித் தொட்டியைத் துடைக்கும்போது அது உதறிய முடி கண்ணில் பட்டிருக்கிறது. கண் சிவந்து நீர் வடிந்து, ஆறாமல் மருத்துவமனைக்குப் போனபோது கருவிழியில் நுண்ணிய முடிகள் குத்தி நிற்பதை மருத்துவர்கள் கண்டார்கள். எடுக்க முடியாத அளவு நுண்ணியவை. லான்செட் மருத்துவ இதழில் இது பதிவாகியிருக்கிறது. அதைப் படித்த பிறகு நான் கண்ணாடி அணியாமல் தொட்டியைத் திறப்பதில்லை.

நம் ஊரிலேயே டாரன்டுலா இருக்கிறதாமே? வீட்டுக்குள் வந்ததை வளர்க்கலாமா?

இருக்கிறது, அதுவும் உலகம் வியக்கும் அழகோடு. பொசிலோதெரியா என்ற மரவாழ் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. அதில் ரெகாலிஸ் என்ற இனத்தை போக்காக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1899-இல் விவரித்தது அரக்கோணத்தில் கிடைத்த மாதிரியை வைத்து. ராமேஸ்வரத்தில் ஒரு கோயில் தோப்பை ஒட்டிக் கண்டறியப்பட்ட இன்னொன்று அந்தக் கோயிலின் பெயராலேயே அனுமவிலாசுமிக்கா என்று வழங்குகிறது.

வீட்டுக்குள் நடந்து வந்தது என்றால் அநேகமாக ஆண். பருவமடைந்த ஆண் பெண்ணைத் தேடிப் பொந்தை விட்டுக் கிளம்பும், பெண் பொந்திலேயே இருக்கும். மனிதர் கண்ணில் அதிகம் படுவது ஆண்தான் என்பது எங்கும் பொருந்தும். அமெரிக்காவின் கொலராடோவில் லா ஹுன்டா என்ற ஊர்ப்பக்கம் செப்டம்பர் மாதங்களில் டாரன்டுலாக்கள் கூட்டமாகச் சாலையைக் கடப்பதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். கடப்பவை ஏறக்குறைய எல்லாம் ஆண்கள். இலங்கையில் 2012-இல் அறிவிக்கப்பட்ட ராஜேய் என்ற பொசிலோதெரியாவின் கதையும் வன்னியில், மாங்குளத்தில், ஊர்க்காரர்கள் கொண்டுவந்து காட்டிய இறந்த ஆண் ஒன்றிலிருந்துதான் தொடங்கியது. அது போன்றது எதுவும் தெரியவில்லையே என்று ஆய்வாளர்கள் தேடிப்போய், பிறகுதான் மரப்பொந்துகளில் பெண்ணையும் குஞ்சுகளையும் கண்டார்கள்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு வந்தது தேடிப்போகிற ஒன்று. அதைப் பிடித்து வைத்தால் அங்கே எங்கோ ஒரு பெண்ணுக்குத் துணை இல்லாமல் போகும். பொசிலோதெரியாவுக்கு அரிக்கும் முடி கிடையாது, ஆனால் கடி வீரியமானது. தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வரும். கையால் தொடாமல் அகன்ற டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, அருகில் உள்ள மரத்தில் விடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. பொசிலோதெரியா முழுவதும் 2019 முதல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. செம்முழங்கால் 1985 முதலே அதே பட்டியலில் உண்டு. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சைட்டிஸ் பட்டியல் உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன, பதிவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில். வாங்கும் முன்பே விற்பவரிடம் காகிதங்களைக் கேளுங்கள்.

ஆணோடு சேர்ந்த பெண் சட்டை உரித்தால் முட்டை இடுமா?

இடாது. விந்துப்பையின் உட்படலம் சட்டையோடு போய்விடுவதால் சேமித்த விந்தும் அதோடு போகும். உடலளவில் அவள் மறுபடி கன்னி. சேர்ப்பதாக இருந்தால் அவள் உரித்துச் சில வாரங்கள் ஆகி, நன்றாகச் சாப்பிட்டுத் தேறிய பிறகு சேர்ப்பது இதனால்தான்.

ஆண் என்று தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது?

பருவமடையாத ஆணுக்கு எதையும் மாற்ற வேண்டாம். அடுத்த சட்டைகளுக்கு நாள் குறித்து வையுங்கள். பருவமடைந்ததும் மூடியை இறுக்கமாக வையுங்கள், தப்பிக்க வழி தேடிக்கொண்டே இருக்கும். உயரமான தொட்டியில் ஏறி விழுந்தால் வயிறு வெடிக்கும், ஆகவே மண்ணை உயர்த்திப் போட்டு உயரத்தைக் குறையுங்கள். தீனி மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், தண்ணீர் மட்டும் மாற்றிவையுங்கள். அதே இனத்துப் பெண்ணை நன்றாக வளர்க்கும் ஒருவர் இருந்தால் அனுப்புவது நல்லது. அதற்கு இனப் பெயர் உறுதியாகத் தெரிய வேண்டும். செம்முழங்கால் என்று விற்கப்படுவதில் ஹமோரி, ஸ்மித்தி என்று இரண்டு இனங்கள் உண்டு. இரண்டும் நீண்ட காலம் ஒன்றாகவே எண்ணப்பட்டன, 2017-இல்தான் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். இரண்டையும் கலக்கக் கூடாது.

இன்னொரு சட்டை உரிக்குமா என்று சிலர் காத்திருக்கிறார்கள். பருவமடைந்த ஆண் மறுபடி உரிப்பது அபூர்வம். அப்படியே முயன்றாலும் மொத்தையான பெடிபால்ப்பும் குமிழும் பழைய தோலுக்குள் சிக்கிக்கொள்ளும், பெரும்பாலும் பிழைப்பதில்லை.

பொன்னி கடைசிச் சட்டை உரித்த அன்று காலை மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, கையுறை போட்டிருக்கான்" என்று கத்தினாள். மூன்றாவது வாரம் அவன் மண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய வலை ஒன்று பின்னி, அதன் அடியில் மல்லாந்து கிடந்து, குமிழ்களை ஒன்று மாற்றி ஒன்றாக நனைத்துக்கொண்டிருந்ததை இரவு ஒரு மணிக்குச் சிவப்பு விளக்கில் பார்த்தோம். விடிவதற்குள் வலையைக் கிழித்துப் போட்டுவிட்டான். அதற்கப்புறம் பதினான்கு மாதம் இருந்தான். கடைசி மாதங்களில் ஒரு பின்னங்காலைச் சரியாக ஊன்ற முடியவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை அவன் உட்காரும் இடத்துக்கே நகர்த்தி வைத்தோம்.